நெட் பிளானை ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு லேன் கேபிளைச் சொருகிப் பாருங்க

இந்த வாரம் எஸ்ஐபி இல்ல, டாக்ஸ் ரெஜிம் இல்ல, வைஃபை. பணத்தைப் பத்தி எழுதுற இடத்துல வைஃபைக்கு என்ன வேலைன்னு கேக்குறீங்களா? என் கணக்குல 4,956 ரூபாய் இதுல தண்டமாப் போச்சு. அது எப்படின்னு முதல்ல சொல்லிடறேன்.

அன்னைக்கு 20-ம் தேதி, ராத்திரி 11 மணி. ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் பண்ண கடைசி நாள். கிளையன்டோட ரிட்டர்ன் பாதியில நிக்குது, ஓடிபி வந்தாச்சு, போர்ட்டல் சுத்திக்கிட்டே இருக்கு. போர்ட்டலைத் திட்டறது எங்க தொழில்ல தினசரிப் பழக்கம்ங்கிறதால, திட்டிக்கிட்டே செல்போன் டேட்டாவுக்கு மாத்தினேன். ரெண்டே நிமிஷத்துல முடிஞ்சது. அப்போ பிரச்சினை போர்ட்டல்ல இல்ல, வீட்டு நெட்லதான்னு புரிஞ்சது. மறுநாள் காலையிலயே 100 எம்பிபிஎஸ் பிளானை 300-க்கு ஏத்தி, தள்ளுபடி கிடைக்குதேன்னு ஒரு வருஷப் பணத்தையும் மொத்தமாக் கட்டிட்டேன். வித்தியாசம் மாசம் 350 ரூபாய், அதுக்கு மேல ஜிஎஸ்டி 18 சதவீதம், ஆக 413. பன்னிரண்டு மாசத்துக்கு 4,956.

கட்டின அன்னைக்கு சாயங்காலம் நான் வேலை பார்க்கிற பின் ரூம்ல ஸ்பீட் டெஸ்ட் போட்டேன். முன்னாடி 11 எம்பிபிஎஸ் வந்துட்டிருந்தது. இப்போ 12.

கம்பெனிக்காரங்க மேல தப்பே இல்ல. அவங்க விக்கறது தெருவுல இருந்து உங்க வீட்டுப் பெட்டி வரைக்கும் வர்ற பாதை. பெட்டியில இருந்து உங்க லேப்டாப் வரைக்கும் இருக்கிற பாதை உங்களோடது. நான் சரியா இருந்த பாதைக்குப் பணம் கட்டினேன், கெட்டுப்போன பாதையை அப்படியே விட்டுட்டேன்.

காசே செலவில்லாம ரெண்டு டெஸ்ட்

முதல் டெஸ்ட். லேப்டாப்பை ரவுட்டர்ல லேன் கேபிள் போட்டு நேரா இணைச்சு ஸ்பீட் பாருங்க. உங்க லேப்டாப்ல லேன் சாக்கெட் இல்லன்னா, 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைல ரவுட்டருக்கு ஒரு மீட்டர் பக்கத்துல நின்னு பாருங்க. அதே டெஸ்டை ஹால்லயும், வேலை பார்க்கிற ரூம்லயும் போடுங்க. மூணு நம்பரையும் எழுதி வைங்க. ரவுட்டர் பக்கத்துலயே பிளான்ல சொன்னதுல பாதி கூட வரலன்னா, அது கம்பெனி பிரச்சினை. புகார் குடுத்து டாக்கெட் நம்பர் வாங்குங்க, வாயால சொன்னதோட விடாதீங்க. ரவுட்டர் பக்கத்துல 95, பெட்ரூம்ல 11னு வந்தா, எவ்வளவு பெரிய பிளான் எடுத்தாலும் பெட்ரூம் மாறாது.

இதுல ஒரு பொடி விஷயம். 200, 300 பிளான் வெச்சிருக்கிறவங்களுக்குக் கேபிள்ல சரியா 93, 94, 95னு வந்து நின்னா, அங்கயே சந்தேகப்படுங்க. ரவுட்டரோட லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ் வகையா இருக்கலாம், இல்ல கேபிள் முனையில எட்டு கம்பியில நாலுதான் சரியாப் பிடிச்சிருக்கலாம். அந்த போர்ட்டுக்கு மேல நீங்க கட்டுற ஒவ்வொரு ரூபாயும் கேபிள் வழியா வராது.

ரெண்டாவது டெஸ்ட் இன்னும் முக்கியம், ஏன்னா ஆபீஸ் கால் கட் ஆகுறதுக்குப் பெரும்பாலும் ஸ்பீட் காரணமே இல்ல. ஒரு நல்ல வீடியோ காலுக்கு 4 எம்பிபிஎஸ் போதும். அது நடுவுல அறுந்து அறுந்து வர்றதாலதான் உங்க குரல் ரோபோ மாதிரி கேக்குது. விண்டோஸ்ல கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, ஆங்கிலத்துல பிங்னு அடிச்சு, பக்கத்துல ரவுட்டரோட முகவரியைப் போடுங்க. அது பெரும்பாலும் 192.168.1.1 இல்லன்னா 192.168.0.1. ரவுட்டர் அடியில ஸ்டிக்கர்ல இருக்கும். கடைசியில ஒரு ஹைஃபனும் டி எழுத்தும் சேர்த்துட்டா நிறுத்துற வரைக்கும் ஓடும். கால் பேசும்போது பின்னாடி ஓட விடுங்க. பதில் 10 மில்லிசெகண்டுக்குள்ள வந்துட்டே இருந்தா வீட்டு வைஃபை ஓகே. 200, 400னு துள்ளினாலோ, நடுநடுவுல டைம் அவுட்னு வந்தாலோ, உங்க லேப்டாப்புக்கும் உங்க ரவுட்டருக்கும் நடுவுலதான் கோளாறு. ஏன்னா இந்த பிங் வீட்டு வாசலைத் தாண்டிப் போகவே இல்ல.

நம்ம ஏரியா வீடுகள்ல ஏன் இப்படி

சேலையூர், குரோம்பேட்டை, முடிச்சூர், பெருங்களத்தூர்னு எங்க பார்த்தாலும் தனி வீடுன்னா 9 இஞ்ச் செங்கல் சுவர், மேல கம்பி கட்டின கான்கிரீட் தளம். வைஃபைக்கு இது ரெண்டும் எதிரி. அதுலயும் 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனா ரெண்டு சுவர் தாண்டினா மூச்சு வாங்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் மெதுவானது, ஆனா கொஞ்சம் தூரம் போகும். பைபர் போட வர்றவர் ஜன்னல் வழியா இழுத்து, வாசல் பக்கத்துல எங்க பிளக் பாயின்ட் இருக்கோ அங்கயே பெட்டியை மாட்டிட்டுப் போயிடுவாரு. அவருக்கு அன்னைக்கு இன்னும் அஞ்சு வீடு இருக்கும். வீட்டோட ஒரு மூலையில பெட்டி, எதிர் மூலையில நீங்க, நடுவுல கோத்ரெஜ் பீரோ. பாதி சிக்னல் ரோட்டுக்குப் போகுது, பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு உங்களை விட நல்லா எடுக்கும்.

மேடவாக்கம், பெரும்பாக்கம் பக்கம் அப்பார்ட்மென்ட்ல இருக்கிறவங்களுக்கு இன்னொரு தொல்லை. வைஃபை லிஸ்டைத் திறந்தா இருபது பேரு வீட்டுப் பேர் வரும். 2.4-ல ஒண்ணோட ஒண்ணு மோதாத சேனல் 1, 6, 11 மூணுதான். அதுல எது காலியோ அதை ரவுட்டர் செட்டிங்ல தேர்ந்தெடுங்க. கூடுமான வரைக்கும் லேப்டாப்பை 5-க்கு மாத்துங்க, அங்க சேனல் அதிகம்.

எதையும் வாங்கறதுக்கு முன்னாடி பெட்டியை நகர்த்தப் பாருங்க. டிவி பின்னாடி இருந்தா வெளிய எடுங்க, அலமாரிக்குள்ள இருந்தா மேல வைங்க. பைபர் ஒயரை நீங்களே இழுக்காதீங்க, மடிச்சா உள்ள இருக்கிற கண்ணாடி இழை முறிஞ்சிடும். டெக்னீஷியனைக் கூப்பிட்டு நடு ஹாலுக்கு மாத்தச் சொல்லுங்க. சின்னத் தொகை கேப்பாங்க, அது ஒரு தடவை செலவு.

எக்ஸ்டென்டர்: வாங்குறவங்க எல்லாரும் பண்ற தப்பு

ஏறத்தாழ 1,500-ல இருந்து 2,500 ரூபாய்க்கு, சுவர்ல சொருகுற மாதிரி கிடைக்குது. வாங்கின உடனே எல்லாரும் அதை எங்க சொருகுறாங்க? சிக்னல் வராத ரூம்ல. பெட்டியில இருந்து வர்ற சிக்னலை வாங்கித் திருப்பிச் சொல்றதுதான் அதோட வேலை. அதுக்கே காது கேக்காத இடத்துல வெச்சா அது என்னத்தைத் திருப்பிச் சொல்லும்? போன்ல அஞ்சு கோடு நிறைய வரும், நெட் வராது. பாதி வழியில, சிக்னல் இன்னும் நல்லா இருக்கிற இடத்துல வைங்க. ஆண்ட்ராய்ட்ல வைஃபை அனலைசர் மாதிரி ஆப் இருந்தா -60, -65 டிபிஎம் காட்டுற இடம். -80 காட்டுற இடம் வேண்டாம்.

செட் பண்றப்போ ரவுட்டர் இருக்கிற ரூம்லயே சொருகுங்க. ரவுட்டர்ல டபிள்யூபிஎஸ் பட்டனை அழுத்தி, ரெண்டு நிமிஷத்துக்குள்ள எக்ஸ்டென்டர்ல அதே பட்டன். பட்டன் இல்லன்னா, எக்ஸ்டென்டர் காட்டுற வைஃபைல போனை இணைச்சு, அதோட ஆப்ல உங்க வீட்டு வைஃபையைத் தேர்ந்தெடுத்து பாஸ்வேர்ட் போடுங்க. விளக்கு நிலையா எரிஞ்ச பிறகு கழட்டி, பாதி வழிக்குக் கொண்டு போங்க. "கனெக்டட், நோ இன்டர்நெட்"னு வந்தா முதல்ல யோசிக்க வேண்டியது, சமீபத்துல வீட்டு வைஃபை பாஸ்வேர்டை மாத்துனீங்களா, கம்பெனிக்காரங்க பெட்டியை மாத்துனாங்களான்னு. புதுப் பெட்டிக்குப் பழைய பேரும் பழைய பாஸ்வேர்டும் அப்படியே வெச்சிட்டா, எக்ஸ்டென்டரை மறுபடி செட் பண்ற வேலையே பெரும்பாலும் வராது.

டப்பா மேல 1200 எம்பிபிஎஸ்னு போட்டிருக்கும். அது 2.4-ல 300, 5-ல 867, ரெண்டையும் கூட்டி மேல ரவுண்ட் பண்ண நம்பர். ஒரே அலைவரிசையில வாங்கி அதுலயே குடுக்கிற எக்ஸ்டென்டர்ல வேகம் பாதியாகும், ஏன்னா அது கேக்கும்போது பேச முடியாது. 100 பிளான்ல 35, 40 வந்தா சந்தோஷப்படுங்க. வீடியோ காலுக்கு அது தாராளம்.

என் ஓட்டு கேபிளுக்குத்தான்

பரண்ல பழைய ரவுட்டர் ஒண்ணு கிடக்குதான்னு பாருங்க. அது கம்பெனியோடதா இருந்தா திருப்பிக் குடுத்து டெபாசிட் வாங்குங்க, நிறைய பேர் இதை மறந்துடறாங்க. உங்களோடதுன்னா அதுவே ஆக்சஸ் பாயின்ட். முதல்ல அதைத் தனியா லேப்டாப்போட இணைச்சு, முகவரியை 192.168.1.2னு மாத்துங்க (மெயின் ரவுட்டர் 192.168.1.1-ன்னா). ரெண்டும் ஒரே முகவரியில இருந்தா வீடே குழம்பிடும். அப்புறம் டிஹெச்சிபி-யை ஆஃப் பண்ணுங்க, வீட்டுக்கு நம்பர் குடுக்கிற வேலையை ஒருத்தர்தான் பார்க்கணும். வைஃபை பேரும் பாஸ்வேர்டும் மெயின்ல இருக்கிற மாதிரியே, சேனல் மட்டும் வேற. கடைசியா கேபிளைப் பழைய ரவுட்டரோட லேன் போர்ட்ல சொருகுங்க, வான் போர்ட்ல இல்ல. முக்கால்வாசி பேர் மாட்டிக்கிறது இந்த ஒரு இடத்துலதான். ஆக்சஸ் பாயின்ட் மோடுன்னு தனியா செட்டிங் இருக்கிற ரவுட்டர்ல இவ்வளவு சிரமம் இல்ல, அதை ஆன் பண்ணிட்டு அது சொல்ற போர்ட்ல சொருகினாப் போதும்.

எனக்கு 15 மீட்டர் கேட்-6 கேபிள் 450 ரூபாய், கிளிப் அடிச்சு முனை போட்டுக் குடுத்த எலக்ட்ரீஷியனுக்கு 400. மொத்தம் 850. பின் ரூம்ல இப்போ 90-க்கு மேல வருது. பழைய ரவுட்டரோட போர்ட் 100 வகைங்கிறதால அதுக்கு மேல ஏறாது. ஆக 300 எம்பிபிஎஸ்க்கு வருஷம் பூரா பணம் கட்டிட்டு, அதுல 90-ஐ உபயோகிச்சேன். ரெனியூவல் வந்த அன்னைக்கு 100-க்கு இறக்கிட்டேன்.

வாடகை வீடு, ஆணி அடிச்சாலே ஹவுஸ் ஓனர் முகம் சுளிப்பாருன்னா, கதவு சந்துல போற தட்டைக் கேபிள் கிடைக்குது. காலி பண்ணும்போது சுருட்டி எடுத்துட்டுப் போகலாம். அதுக்கும் வழியில்லாத ரெண்டு மாடி வீடுன்னா மெஷ் செட் யோசிக்கலாம், ஆனா அது எக்ஸ்டென்டர் விலையைப் போல மூணு நாலு மடங்கு. அதை நோ-காஸ்ட் இஎம்ஐ-ல தட்டிடாதீங்க, பிராசஸிங் ஃபீயும் வட்டி மேல ஜிஎஸ்டியும் தனியா ஸ்டேட்மென்ட்ல வரும்.

அப்பா அம்மா எதிர் வரிசை வீட்டுல இருக்காங்க, மொட்டை மாடிக்கு மாடி நேராத் தெரியுதுன்னா, அங்க எக்ஸ்டென்டர் உதவாது. வெளிப்புற வயர்லெஸ் பிரிட்ஜ் ஜோடி வேணும், ஒண்ணை ஒண்ணு நேருக்கு நேர் பார்க்கிற மாதிரி. நடுவுல தென்னை மரமோ தண்ணித் தொட்டியோ வரக் கூடாது. ரெண்டு வீட்டுக்கும் தனித்தனியா மாசக் கட்டணம் கட்டுறீங்கன்னா கணக்குப் போட்டுப் பார்க்கலாம், ஆனா முதல்ல உங்க பிளான் விதிமுறையில வேற வீட்டோட பகிர அனுமதி இருக்கான்னு படிங்க.

வரி விஷயம் ரெண்டு வரி. வீட்டுல இருந்து வேலை பார்த்தாலும் ரவுட்டர், நெட் பில் எதையும் சம்பளத்துல தனியாக் கழிக்க முடியாது. ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன், புது முறையில 75,000, பழைய முறையில 50,000, அதுக்குள்ள எல்லாம் அடக்கம். ஆனா உங்க சம்பளத்துல இன்டர்நெட் ரீஇம்பர்ஸ்மென்ட்னு ஒரு வரி இருந்தா, பில் உங்க பேர்ல இருக்கணும். கனெக்‌ஷன் ஹவுஸ் ஓனர் பேர்லயோ ரூம்மேட் பேர்லயோ இருந்தா ஹெச்ஆர் திருப்பி அனுப்பிடுவாங்க, அந்தத் தொகைக்கு மார்ச்ல வரி பிடிப்பாங்க.

இன்னொண்ணு. மெயின் பெட்டி இன்வெர்ட்டர் லைன்ல இருக்கும், நடு வழியில சொருகின எக்ஸ்டென்டர் சாதா லைன்ல இருக்கும். ஈபி-காரங்க பராமரிப்புன்னு காலையில 9 மணிக்கு நிறுத்தும்போது வைஃபை பேர் தெரியும், பெட்ரூம் மட்டும் செத்துப்போகும், நீங்க மறுபடி கம்பெனிக்கு போன் போடுவீங்க. எந்த பிளக் இன்வெர்ட்டர்ல ஓடுதுன்னு மெயினை ஒரு நிமிஷம் ஆஃப் பண்ணிப் பார்த்துட்டு அங்க சொருகுங்க. இன்வெர்ட்டரே இல்லன்னா ரவுட்டருக்குன்னு 12 வோல்ட் மினி யுபிஎஸ் கிடைக்குது. வாங்கும்போது உங்க அடாப்டர் மேல எத்தனை ஆம்பியர் போட்டிருக்குன்னு ஒரு போட்டோ எடுத்துட்டுப் போங்க.