கணக்குப் பயிற்சியும் கால அளவும்

கணக்கு என்னும் சொல்லைக் கேட்ட அளவிலே முகம் வாடும் மாணாக்கர் பலர். யாமும் ஒருகாலத்தில் அவர் கூட்டத்தைச் சேர்ந்தோமே. தமிழ் பயிலும் மாணாக்கர்க்குக் கணக்கைப் பற்றி எழுத உரிமை யாது என நண்பர்கள் நகைக்கவும் கூடும். வல்லவர் கூறும் வழி பெரும்பாலும் வல்லவர்க்கே பயன்படும். இடறி விழுந்து எழுந்தவர் கூறும் வழி இடறுகின்றவர்க்குப் பயன்படும். அத்துணிவு பற்றியே இதனை எழுதலாயினோம்.

பள்ளிப் பிள்ளைகட்கு வீட்டிலே கணக்குப் பயிற்சி எவ்வளவு வேண்டும், அதனை எவ்வாறு பகுத்தல் வேண்டும் என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள். பயிற்சி வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆசிரியர் நாற்பது பேர்க்கு ஒருங்கே கற்பித்ததை ஒவ்வொரு பிள்ளையும் தன் கையாற் செய்து பார்த்தாலன்றி அது தன்னுடையதாகாது. ஆயினும், அப்பயிற்சி பள்ளிப் பாடம், விளையாட்டு, இசை, உறக்கம் ஆகியவற்றின் இடையே தனக்குரிய இடத்தை அறிந்து அமர வேண்டும். இன்றேல் மருந்தே நோயாக முடியும்.

எம் இல்லத்து நிகழ்ச்சி ஒன்றையே சான்றாகக் கூறுவோம். எம் தம்பி சென்ற கல்வியாண்டில் ஒன்பதாம் வகுப்பிற் பயின்றான். காலாண்டுத் தேர்விற் கணக்கில் நூற்றுக்கு 27 பெற்றுத் தவறினான். அவனைத் திருத்தும் பொறுப்பை யாம் மேற்கொண்டோம். சனிக்கிழமைதோறும் காலையில் மூன்று மணி நேரம் அமரச் செய்து நாற்பது கணக்குகள் கொடுத்தோம். அவன் பந்தாடச் செல்லும் நேரமும் அதுவே; அதனை நிறுத்தினோம். ஐந்து வாரங்கள் இவ்வாறு கழிந்தன. சனிக்கிழமை பிழையின்றிச் செய்த கணக்கை அடுத்த வெள்ளிக்கிழமை கேட்டால் விழித்தான். ஆறாம் வாரத்தில் ஏட்டை எறிந்து, "அண்ணா, எனக்குக் கணக்கும் வேண்டாம், நீயும் வேண்டாம்" என்று கூறிவிட்டான். அச்சொல் எம் நெஞ்சைச் சுட்டது. குற்றம் அவனிடத்ததோ, எம்மிடத்ததோ என்று அன்றுதான் எண்ணத் தொடங்கினோம்.

ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்பார் நினைவாற்றலைப் பற்றித் தம்மையே சோதித்தறிந்து 1885ஆம் ஆண்டில் நூல் ஒன்று வெளியிட்டார். பொருளற்ற அசைகள் பன்னிரண்டு கொண்ட வரிசையைத் தொடர்ச்சியாக 68 முறை ஓதிப் பெற்ற பயனை, மூன்று நாட்களிற் பகுத்து 38 முறை ஓதியே அவர் பெற்றார். உழைப்பு ஏறக்குறையப் பாதியாயிற்று, பயன் குறையவில்லை. இடையிலே சிறிது மறந்து, மறந்ததை முயன்று மீட்கும்பொழுதே அறிவு வேரூன்றுகின்றது என்பர் உளநூலார். யாம் தம்பிக்கு மறக்கவும் இடங்கொடுத்திலேம், மீட்கவும் இடங்கொடுத்திலேம்.

நம் முன்னோர் நடத்திய திண்ணைப் பள்ளிகளிலும் இவ்வுண்மை வழக்காய் இருந்தது. முந்திரி 1/320, காணி 1/80, மா 1/20 எனக் கீழ்வாயிலக்கங்களை எண்சுவடியிற் கற்ற பிள்ளைகள், மாலை வேளையில் சட்டாம்பிள்ளை முன்சொல்லத் தாம் பின்சொல்லி, அதன் பின்னரே வீடு செல்வர். ஒரு நாளைக்குச் சிறிது. ஆனால் நாள்தோறும் என்பதே அம்முறையின் உயிர்.

நிற்க. வாய்பாட்டுக்கு இது போதும்; கணக்குக்கு இன்னும் ஒன்று வேண்டும். ரோரர், டெய்லர் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்விலே, நால்வகைத் திண்ம உருவங்களின் கன அளவைக் காணும் கணக்குகளை மாணாக்கர்க்குக் கொடுத்தனர். ஒரு சாரார் ஒவ்வொரு வகையையும் முடித்து அடுத்த வகைக்குச் சென்றனர். மற்றொரு சாரார் எல்லா வகையையும் கலந்து செய்தனர். பயிற்சியின்போது முன்னவர் நூற்றுக்கு 89ஐயும் பின்னவர் 60ஐயும் சரியாகச் செய்தனர். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்விலோ முன்னவர் 20, பின்னவர் 63! பயிற்சியின்போது காணும் எளிமை நம்மை ஏமாற்றும் என்பது இதனாற் பெறப்படும்.

காரணம் யாதெனில், ஒரே அடிப்பரப்பும் ஒரே உயரமும் உடைய உருளையின் கன அளவில் மூன்றில் ஒரு பங்கே கூம்பின் கன அளவு. பத்துக் கூம்புகளைத் தொடர்ந்து கொடுத்தால், பிள்ளையின் கை நினையாமலே மூன்றால் வகுக்கும். இடையில் ஓர் உருளை வந்தாலோ, "இது எது?" என்று நின்று கேட்க வேண்டியிருக்கும். தேர்வறையில் வேண்டப்படுவது அக்கேள்வியே. எம் தம்பி சனிக்கிழமைகளிற் செய்த நாற்பதும் ஒரே வகைக் கணக்குகள்.

இவற்றை உணர்ந்தபின் அவனிடம் மன்னிப்புக் கேட்டு, இருவரும் கலந்து ஓர் ஒழுங்கு செய்துகொண்டோம். திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளி ஆகிய நான்கு நாள் மாலையிலும் இருபது நிமிடம். முதல் ஐந்து நிமிடம் சென்ற வாரத்துக் கணக்கு. அடுத்த பத்து நிமிடம் அன்றைய பாடம். இறுதி ஐந்து நிமிடம் எப்பாடத்தது என்று கூறாமற் கொடுக்கும் ஒரு கணக்கு. நேரம் முடிந்ததும், கணக்குக் குறையாக நின்றாலும் ஏட்டை மூடிவிட வேண்டும். சனிக்கிழமை மாலையில் அரைமணி நேரம், அவ்வாரத்துப் பிழைகளை மட்டும் தனியேட்டிற் குறித்து மீண்டும் செய்தல். புதனும் ஞாயிறும் ஓய்வு. சனிக்கிழமைக் காலை பந்துக்கே உரியது. பள்ளி வேலை மிகுந்த நாளில் இருபது பத்தாகக் குறையலாம். முற்றும் ஒழிதல் ஆகாது. கூட்டிப் பார்த்தால் வாரத்துக்கு 110 நிமிடமே. முன்னர் யாம் பறித்ததோ 180.

ஒரு பாடம் மற்றவற்றை விழுங்கினால் மேதைக்கும் இடர் வரும். கணித மேதை இராமானுஜன் 1904ஆம் ஆண்டில் உபகாரச் சம்பளத்தோடு கும்பகோணம் அரசினர் கல்லூரியிற் சேர்ந்தார். கணிதத்திலேயே மூழ்கிப் பிற பாடங்களைக் கைவிட்டமையால் அச்சம்பளத்தை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் பயின்றும் எப். ஏ. தேர்வில் தேறிலர். 1914ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் சென்று உலகப் புகழ் எய்தினார் எனினும், இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் பட்ட வறுமை சிறிதன்று. அவர்க்கு இருந்த மேதை நம் தம்பி தங்கையர்க்கு இல்லாதிருக்கலாம்; அத்துன்பம் மட்டும் அவர்க்கு எதற்கு?

எம் தம்பி ஆண்டுத் தேர்வில் வகுப்பின் முதல்வனானான் என்று கூறோம். நூற்றுக்கு 58 பெற்றான். அதனினும் எம்மை மகிழ்வித்தது வேறொன்று. ஒருநாள் மாலை, யாம் அழையாமலே ஏட்டோடு வந்து, "அண்ணா, நேற்று உருளையை மூன்றால் வகுத்துவிட்டேன், பார்த்தாயா?" என்றான். யாம் பார்த்திலேம். தன் பிழையைத் தானே கண்டுபிடித்தான்.

விடுமுறைக்கு வீடு செல்லும் நண்பர்களே, உங்கள் தம்பி தங்கையர்க்குக் கணக்குக் கற்பிக்க அமரும்பொழுது, ஏட்டை எடுக்குமுன் கடிகாரத்தை எடுத்து வையுங்கள். அது இருபது நிமிடம் காட்டியதும் அவர்களை விளையாட அனுப்புங்கள். மறுநாள் அவர்கள் திரும்பி வருவார்கள்.