கடற்கரைக் கிராமங்களில் ஆண்மக்களின் உடல்நலமும் மனநலமும்

கிராம சுகாதாரம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவன தாய்சேய் நலம், தடுப்பூசி, குடிநீர், கழிப்பிடம் ஆகியனவே. இவை இன்றியமையாதவை என்பதில் ஐயமில்லை. ஆனால் குடும்ப பாரத்தைச் சுமக்கும் ஆண்மகனின் தேக ஆரோக்கியத்தைப் பற்றி ஊராட்சிக் கூட்டங்களில் எவரும் பேசி நாங்கள் கேட்டதில்லை. அவனும் பேசுவதில்லை. இராமநாதபுரம் கடற்கரையில் பணியாற்றுகையில் நாங்கள் கண்டவற்றுள் சிலவற்றை ஊராட்சி உறுப்பினர்களுக்கும் விவசாயப் பெருமக்களுக்கும் எடுத்துக் கூற விரும்புகிறோம்.

முதலில் எங்கள் தவறொன்றைச் சொல்லிவிடுகிறோம். இராமேசுவரம் தீவின் கடற்கரைக் கிராமம் ஒன்றில் ஆண்களுக்கெனவே ஒரு மருத்துவ முகாம் நடத்தினோம். பந்தல், நாற்காலி, ஒலிபெருக்கி எல்லாம் தயார். டாக்டரும் குறித்த நேரத்தில் வந்துவிட்டார். வந்திருந்தோரோ பெண்களும் முதியவர்களுமே. அன்று புதன்கிழமை. விசைப்படகுகள் திங்கள், புதன், சனி ஆகிய கிழமைகளில் கடலுக்குச் செல்வது இப்பகுதியின் வழக்கம். ஊரில் சிறு பிள்ளைக்கும் தெரிந்த இச்செய்தி, கோப்புகளைப் பார்த்து நாள் குறித்த எங்களுக்குத் தோன்றவில்லை. வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "ஐயா, மீன் இல்லாத இடத்தில் வலை போட்டுவிட்டீர்கள்" என்றார். அவர் கூறியது முற்றிலும் உண்மை.

கடலுக்குச் சென்ற படகு மறுநாள் காலையில்தான் கரை திரும்பும். இரவெல்லாம் உறக்கமில்லை. ஈர உடையும் உப்புக் காற்றும் ஒருபுறம். உறக்கத்தை விரட்டத் தேநீரும் பீடியும் புகையிலையும் மறுபுறம். உணவிலோ கருவாட்டின் உப்பு மிகுதி. கரையேறியதும் உடல்வலி தீர மதுவை நாடுவோரும் உளர். இவ்வாறு பல ஆண்டுகள் கழிந்த பின் இரத்த அழுத்தம் உயர்ந்திருந்தால் அதில் வியப்பில்லை. ஆனால் அது உயர்ந்திருப்பது அவருக்குத் தெரியாது என்பதே அபாயம். இரத்தக் கொதிப்பு நோவு தருவதில்லை. நோவு இல்லாதபோது ஆஸ்பத்திரிக்குச் செல்வதை நம் ஆண்கள் வேலையற்றவர் செய்யும் காரியமாகக் கருதுகின்றனர். முதல் அறிகுறியே பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ வந்து சேர்வதும் உண்டு.

உள்நாட்டில் வானம் பார்த்த பூமியில் நெல்லும் முண்டு மிளகாயும் பயிரிடும் விவசாயியின் நிலையும், சாயல்குடிப் பக்கத்தில் பனையேறும் தொழிலாளியின் நிலையும் இதினும் வேறல்ல. கொளுத்தும் வெயிலில் வேலை செய்வோர் தாகம் எடுக்கும்வரை தண்ணீர் பருகாதிருத்தல் சிறுநீரகத்திற்குக் கேடு. புகையிலையைப் பற்றியும் ஒரு சொல்: 2016-17ஆம் ஆண்டில் நடந்த தேசிய ஆய்வின்படி, நம் நாட்டு ஆண்களில் நூற்றுக்கு 42 பேர் ஏதேனும் ஒரு வகையில் அதைப் பயன்படுத்தினர். வாயில் ஆறாத புண்ணோ வெண்படலமோ இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால், உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். நெஞ்சை அழுத்தும் வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினால், வாயுப் பிடிப்பு என்று சுக்குக் கஷாயம் காய்ச்சிக் காலம் கடத்தாது, 108 வண்டியை அழைப்பதே முறை.

2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கப்பெற்ற மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகள் வீட்டிற்கே வருகின்றன. எனினும் பணியாளர் வீடு தேடி வரும் பகற்பொழுதில் ஆண்மகன் கடலிலோ வயலிலோ இருக்கிறான்.

இனி மனநலம். இது சற்று விரிவாகக் கூறவேண்டியது. உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லத் தயங்குபவன், மனம் சரியில்லை என்று எவ்வாறு சொல்வான்? படகுக் கடன் ஒருபுறம் நிற்கிறது. எல்லை தாண்டியதாகக் கூறி இலங்கைக் கடற்படையினர் பிடித்துச் சென்றால், வீட்டார் படும் துயர் ஒருபுறம். விடுதலை பெற்று வந்தாலும் படகு வருமா என்னும் கவலை மறுபுறம். மழை பொய்த்த ஆண்டில் விவசாயிக்கும் இதே நிலை. நம் நாட்டில் தற்கொலையால் மாண்டோரில் பத்துக்கு ஏழு பேர் ஆண்கள் என்று 2022ஆம் ஆண்டின் அரசுப் புள்ளிவிவரம் காட்டுகிறது. அவர்களுள் பலர் யாரிடமும் வாய் திறவாதவர்களாகவே இருந்திருப்பர் என்பது எங்கள் எண்ணம்.

வாய் திறவாவிடினும் குறிகள் தென்படும். கலகலப்பாய் இருந்தவர் ஒதுங்கி இருத்தல், உறக்கமும் பசியும் குறைதல், காரணமின்றிச் சினத்தல், குடி பெருகுதல், "நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி" என்பது போன்ற பேச்சு ஆகியவற்றை வீட்டாரும் நண்பரும் அலட்சியம் செய்யலாகாது. தற்கொலை எண்ணம் உண்டா என்று நேரே கேட்டால் அவ்வெண்ணத்தைத் தூண்டிவிடுவோம் என்று அஞ்சுவோர் பலர். அது தவறு. கேட்கக் கேட்கப் பாரம் குறையும். அத்தகையவரைத் தனியே விடாமல் டாக்டரிடம் அழைத்துச் செல்லவேண்டும். 14416 என்னும் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே ஆலோசனை கிடைக்கும். இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலச் சிகிச்சையும் உண்டு.

இம்மாவட்டத்தார் மறக்கலாகாத நாள் ஒன்று உண்டு. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த 28 நோயாளிகள் தப்ப வழியின்றி மாண்டனர். உச்ச நீதிமன்றம் தானாகவே அவ்வழக்கை எடுத்துக்கொண்டது. மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் அடியோடு தடை செய்கிறது. தற்கொலைக்கு முயன்றவரை, கடும் மன உளைச்சலுக்கு ஆளானவராகவே கொள்ளவேண்டும் என்றும், அவரைத் தண்டித்தல் கூடாது என்றும் அச்சட்டம் கூறுகிறது. போலீசுக்கு அஞ்சி உயிருக்குப் போராடுபவரை வீட்டில் மறைத்து வைப்பதற்கு இன்று காரணமே இல்லை. ஊர்ப் பெரியவர்கள் இதனைத் தெரிந்து வைத்திருத்தல் மிக அவசியம். தர்காவிலோ கோயிலிலோ மாதா சந்நிதியிலோ வேண்டிக்கொள்வதை எவரும் குறை கூறவில்லை. வேண்டுதலும் நடக்கட்டும், மாத்திரையும் உட்கொள்ளட்டும்.

ஊராட்சி செய்யக்கூடியது என்ன? கீழைக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 முடிய 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்நாட்களில் அவ்வாண்கள் கரையில் இருக்கின்றனர். வருமானம் இன்மையால் கவலை மிகுவதும் அக்காலத்திலேதான். மே 1ஆம் நாள் கிராம சபை அத்தடைக் காலத்திற்குள் வருகிறது. சபை கூடும் பந்தலிலேயே ஒரு மேசையில் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியும், மற்றொரு மேசையில் சர்க்கரைப் பரிசோதனையும் வைக்கலாம். மனநல ஆலோசகர் ஒருவருக்குச் சற்று மறைவான இடத்தில் இரண்டு நாற்காலிகள் போதும். ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருக்கு மார்ச் மாதத்திலேயே எழுதிவிட்டால் ஆட்கள் கிடைப்பர். நாட்டுப்படகுக்காரருக்குத் தடையில்லாமையால், அவர்கள் கரை திரும்பும் நேரத்தை அவர்களிடமே கேட்டு, மீன் ஏலம் முடிந்தபின் கடற்கரையிலேயே பரிசோதனை வைப்பது நலம். விவசாயக் கிராமங்களில் மிளகாய்ப் பழம் பறித்து முடிந்தபின் நாள் குறிக்கவேண்டும்.

முன் கூறிய அதே கிராமத்தில் அடுத்த முகாமிற்கு நாள் குறிக்குமுன், வலை பின்னும் அப்பெரியவரைத் தேடிச் சென்று கேட்டோம். அவர் நாளையும் சொன்னார், நேரத்தையும் சொன்னார். தம் கையையும் நீட்டினார். இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டது அவருக்கு அதுவே முதல் முறையாம்.