வீட்டிலிருந்து கடைக் கணினி: சாவி யார் கையில்?



2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தபின் நமது கோட்டாறு மொத்தக் கடைகளில் பேரேட்டின் இடத்தைக் கணினி பிடித்துக்கொண்டது. இரவு கடையடைத்தபின் வீட்டிலிருந்தே பாக்கிக் கணக்குப் பார்க்க உதவுவது 'ரிமோட் டெஸ்க்டாப்'. கடைக் கணினியின் திரை அப்படியே வீட்டுக் கணினியில் தெரியும். இங்கே தட்டினால் அங்கே பதிவாகும்.

அதற்கான பாஸ்வேர்டை என் கடையில் துண்டுச் சீட்டில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருந்தோம். ஒருநாள் சில்லறைக் கடை அண்ணாச்சி ஒருவர் துவரம்பருப்பின் அடக்க விலையைப் பைசா சுத்தமாக என்னிடமே சொன்னார்! விசாரித்ததில், வேலையை விட்டு நான்கு மாதமான பையன் பழைய பாஸ்வேர்டிலேயே உள்ளே வந்து போயிருக்கிறான். கல்லாச் சாவியைக் கேட்டு வாங்கிய நான் இந்தச் சாவியை மறந்துவிட்டேன்.

இதற்குத்தான் 'பாஸ்வேர்டு மேனேஜர்' என்னும் பூட்டிய பெட்டி. கணினியின் முகவரி, பயனர் பெயர், பாஸ்வேர்டு மூன்றும் அதனுள் இருக்கும். பெட்டியை ஒரே மாஸ்டர் பாஸ்வேர்டால் திறந்து, வேண்டிய கணினியின் பெயரைத் தட்டினால் ரிமோட் டெஸ்க்டாப் திறக்கும். பாஸ்வேர்டையும் பெட்டியே கொடுத்துவிடும். தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஸோஹோவின் மேனேஜ்எஞ்சின் பிரிவு, பெரிய நிறுவனங்களுக்கு இத்தகைய மென்பொருளை விற்கிறது. அதில் ஊழியர் கண்ணுக்குப் பாஸ்வேர்டைக் காட்டாமலே வேலை செய்ய விடலாம். நம்மைப் போன்றோருக்கு 2003-ல் வெளிவந்த 'கீபாஸ்' போதும், இலவசம். ஆனால் அதைத் திறப்பவர் பாஸ்வேர்டைப் பார்க்க முடியும். ஆகவே ஆளுக்கொரு பயனர் பெயர் கொடுங்கள். ஆள் போன அன்றே அந்தப் பெயரை நீக்குங்கள்.

விண்டோஸ் 'ஹோம்' வகைக் கணினிக்குள் இப்படி வர இயலாது. கடையில் 'புரோ' வகை வேண்டும். இன்னொன்று: நீங்கள் வீட்டிலிருந்து நுழைந்ததும் கடைத் திரை பூட்டிக்கொள்ளும். பில் போடும் பையன் தவித்துப் போவான். வியாபார நேரத்தில் வேண்டாம்.

இணைப்பு போட வருபவர் 3389 என்ற வாசலை இணையத்துக்கு நேரே திறந்துவிட்டுப் போனால் சம்மதிக்காதீர்கள். உலகெங்குமிருந்து திருட்டுக் கைகள் தட்டிப்பார்க்கும் வாசல் அது. 2019 மே மாதம் இதில் கண்ட 'புளூகீப்' ஓட்டைக்காக, கைவிட்ட எக்ஸ்பி-க்குக்கூட மைக்ரோசாப்ட் ஒட்டுப் போட்டது. 'விபிஎன்' என்னும் தனிப்பாதை வழியாகவே வாருங்கள்.

பேங்கிலிருந்து பேசுவதாகச் சொல்லி 'எனிடெஸ்க்' போடச் சொல்பவரிடம் அதன் எண்ணைக் கொடுத்தால் உங்கள் போன் அவர் கைக்குப் போய்விடும். ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. பணம் போய்விட்டால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள்.

மாஸ்டர் பாஸ்வேர்டை மறந்தால் கீபாஸைத் திறக்க வேறு வழியில்லை. அதை மட்டும் தாளில் எழுதி, கவரில் ஒட்டி, வீட்டுப் பத்திரங்களோடு பெட்டியில் வைத்திருக்கிறேன். இடம் என் மகனுக்குத் தெரியும்.