இரண்டு டப்பாவில் ஒரே மழை

செய்து பார்த்துக் கற்கும் அறிவியலில் விடை கடைசியில்தான் வரும். முதலில் கேள்வி, பிறகு ஊகம், அதன் பிறகே சோதனை. பாடநூல் சொன்னது சரிதான் என்று காட்டுவதற்கு மட்டும் நடக்கும் சோதனை இந்த வகையில் சேராது.

மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் இம்முறை தொடங்கியது. தேர்வில் புத்தகத்தைத் திறந்து பார்க்கவும் அனுமதி இருந்தது; மனப்பாடத்துக்கு அங்கே மதிப்பில்லை. 2002இல் அது நிறுத்தப்பட்டது பெரிய இழப்பு. தமிழ்நாட்டில் 2022 நவம்பர் 28 அன்று வானவில் மன்றம் திருச்சியில் தொடங்கப்பட்டது. அத்திட்டத்தின் வழியே 6 முதல் 8 வரையுள்ள அரசுப் பள்ளி வகுப்புகளுக்குச் சோதனைப் பொருள்களுடன் கருத்தாளர்கள் வருகிறார்கள்.

ஆனால் அந்தப் பொருள்கள் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கடையநல்லூர் போன்ற மலையடிவார ஊரில் மழையே போதும். பக்கங்கள் நேராக உள்ள இரண்டு டப்பாக்கள், ஒன்று அகலம், ஒன்று குறுகல். இரண்டையும் மரமும் சுவரும் மறைக்காத வெட்டவெளியில் வைத்தால், எதில் நீர் உயரமாக நிற்கும்? அகன்றதில் என்று சில பிள்ளைகள் சொல்வார்கள், குறுகியதில் என்று மற்றவர்கள். மழை விட்டதும் அளவுகோலை உள்ளே விட்டுப் பார்த்தால் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே உயரம். நீரை டம்ளரில் ஊற்றி அளந்தால் மட்டும் அகன்றதில் அதிகம். அகன்ற வாய் கூடுதல் நீரை வாங்கினாலும் அது பரந்த அடியில்தான் பரவுகிறது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க விட வேண்டும். இங்கே ஆசிரியர் அவசரப்பட்டு வாய் திறந்தால் பாடம் கெட்டது. மழையை மில்லிமீட்டரில் சொல்வது ஏன் என்பதும் இதிலேயே விளங்கும்: ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர் நீர்.

அடுத்த கேள்விகள் தாமாக வரும். டப்பாவின் வாயில் புனல் வைத்தால்? வெயிலில் நீர் வற்றிவிட்டால்? வானிலைத் துறை தினமும் காலை 8.30 மணிக்கு அளப்பதுபோல் வகுப்பும் ஒரே நேரத்தில் அளக்கலாம்.

ஓராண்டு குறித்து வைத்தால் ஊரின் இயல்பு தெரியும். ஆனி, ஆடியில் மலைமுகட்டில் மேகம் மூடியிருக்க, மலைக்குக் கிழக்கே இருக்கும் ஊரில் காற்றும் சாரலும்தான் மிகுதி. பலத்த காற்றில் சாய்ந்து விழும் சாரலில் ஒரு பகுதி டப்பாவுக்குள் சேராமலே போகும். ஐப்பசி, கார்த்திகையில்தான் டப்பா நிறையும். காரணத்தைத் தேடும் பிள்ளைகளின் கண் மேற்கே நிற்கும் மலையின் மீது போகும்.