பூவுக்கு வரும், இலைக்குத்தான் தங்கும்

வீட்டுக்கு பட்டாம்பூச்சி வரணும்னா என்ன செடி வைக்கணும்? யாரைக் கேட்டாலும் "நல்ல கலரா பூக்கிற செடி"ன்னுதான் சொல்வாங்க. அது பாதி பதில். பூ மட்டும் இருந்தா பட்டாம்பூச்சி வரும், தேன் குடிக்கும், கிளம்பிடும். நம்ம கேண்டீன்ல டீ குடிச்சிட்டுப் போற பக்கத்து காலேஜ் பசங்க மாதிரி. அது உங்க வீட்டிலேயே பிறந்து வளரணும்னா, அதோட புழுவுக்கு இலையும் வேணும்.

முதல்ல பூ

பட்டாம்பூச்சி கடிச்சுச் சாப்பிடாது. சுருட்டி வெச்ச ஸ்ட்ரா மாதிரி ஒரு உறிஞ்சுகுழல்தான் அதுக்கு. அதனால கொத்தா பூக்கிற சின்னச் சின்ன குழல் பூக்கள் ரொம்ப வசதி. இட்லிப்பூ, பென்டாஸ், வாடாமல்லி, ஜின்னியா எல்லாம் தொட்டியிலேயே வளரும். நர்சரியில கண்ணைப் பறிக்கிற பல அடுக்கு ஹைபிரிட் பூக்களில் பெரும்பாலும் தேன் கம்மி, குழல் உள்ளே போகவும் வழி இருக்காது. உண்ணிச்செடிக்கு நிறைய பட்டாம்பூச்சி வரும். ஆனா அது வெளிநாட்டுல இருந்து வந்து நம்ம காடுகளை ஆக்கிரமிச்ச செடி, அதனால வேண்டாம்.

தொட்டியை வெயில் படுற இடத்துல வையுங்க. உடம்பு சூடானாதான் பட்டாம்பூச்சியால பறக்க முடியும்.

அடுத்து இலை

ஒவ்வொரு பட்டாம்பூச்சியின் புழுவும் குறிப்பிட்ட சில செடிகளைத்தான் சாப்பிடும். தாய் இலை மேல உட்கார்ந்து, காலாலேயே ருசி பார்த்து, சரியான செடிதான்னு தெரிஞ்ச பிறகுதான் முட்டை வைக்கும்.

* கறிவேப்பிலை, எலுமிச்சை: கறிவேப்பிலை அழகி, எலுமிச்சை அழகி
* எருக்கு: ஆரஞ்சு நிற வெந்தய வரியன்
* ஆவாரை, சரக்கொன்றை: வேகமா பறக்கிற வெளிர் மஞ்சள் பட்டாம்பூச்சிகள்
* ஆடுதீண்டாப்பாளை: சிவப்பு உடம்போட இருக்கிற கறுப்பு அழகிகள்

தமிழ்நாட்டின் மாநிலப் பட்டாம்பூச்சியா 2019-ல் அறிவிச்ச தமிழ் மறவன் உங்க மொட்டை மாடிக்கு ஏன் வராது? காரணம் இதேதான். அதோட புழு சாப்பிடுறது நீரடிமுத்து போன்ற காட்டு மரங்களின் இலை. அந்த மரம் இருக்கிற மலைக்காட்டுலதான் அதுவும் இருக்கும்.

ஸ்ப்ரேயை கீழே வையுங்க

உண்மையான சிக்கல் இங்கதான். கறிவேப்பிலையில பறவை எச்சம் மாதிரி ஏதோ ஒட்டியிருக்கும். அதுதான் கறிவேப்பிலை அழகியின் குட்டிப் புழு. பறவை ஏமாறட்டும்னு போட்ட வேஷம். வளர வளர பச்சையாகிடும். தொட்டா தலைக்குப் பின்னாடி ரெண்டு சிவப்புக் கொம்பை நீட்டி ஒரு வாசனை விடும். கடிக்காது, அரிப்பும் வராது. ஆனா இலை காலியாகும். உடனே வீட்ல யாராவது மருந்து அடிப்பாங்க. பட்டாம்பூச்சிக்குன்னு செடி வாங்கி, அது வளர்றதுக்குள்ள நாமே கொன்னுடுறோம். "வேப்பெண்ணெய் இயற்கைதானே"ன்னு நினைக்காதீங்க, அதுவும் புழுவை விடாது.

அம்மாகிட்ட சண்டை போடாம இதை முடிக்க ஒரு வழி இருக்கு. ரெண்டு கறிவேப்பிலைத் தொட்டி வையுங்க. ஒண்ணு சாம்பாருக்கு, ஒண்ணு புழுவுக்கு. சாம்பார் செடியில புழு வந்தா இலையோட எடுத்து அடுத்த செடியில விட்டாப் போதும். மொட்டையான செடியைப் பிடுங்கிடாதீங்க, தண்ணி ஊத்தினா மறுபடி துளிர்க்கும். புதுசா வாங்கின செடியில நர்சரிக்காரங்க அடிச்ச மருந்து இருக்கலாம். அதனால முதல் சில வாரத்துக்கு அந்தச் செடிக்கு புழுவை மாத்தாதீங்க.

எல்லா புழுவும் பிழைக்காது. குளவி, பறவை, பல்லி எல்லாம் பங்குக்கு வரும். தப்பிச்சது கூட்டுப்புழுவாகி, முட்டையில இருந்து ஏறக்குறைய ஒரு மாசத்துல இறக்கையோட வெளியே வரும்.

வீட்ல ஏற்கனவே கறிவேப்பிலை இருந்தா இன்னைக்கே தேடலாம். இளம் துளிர்களைத் திருப்பிப் பாருங்க. கடுகு அளவுல வெளிர் மஞ்சளா ஒரு உருண்டை தனியா ஒட்டியிருந்தா, அந்தக் கிளையை மட்டும் தாளிக்கப் பறிக்காதீங்க.