நரம்பு எடுத்த பல்லு ஏன் இன்னும் வலிக்குது?

ராத்திரி முழுக்கக் கன்னத்தைப் பிடிச்சுக்கொண்டு கிடந்து, விடிஞ்சதும் பூவரசங்குளத்தில் பஸ் ஏறி வவுனியாவுக்குப் போய், பல் டாக்டரிடம் அவசரமாக நரம்பு எடுத்துக்கொண்டு வந்தாச்சு. மரத்துப்போன வாய் இரண்டு மூன்று மணித்தியாலத்தில் தெளிந்ததும் திரும்பவும் வலிக்குது. "டாக்டர் சரியாச் செய்யல்ல" என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். எடுத்தது பல்லுக்குள் இருந்த நரம்பை மட்டும்தான். வேர் நுனியைச் சுற்றியுள்ள எலும்பும் தசையும் புண்பட்டிருக்கும். அது ஆற வேண்டும். பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் வலி குறையும். கடிக்கும்போது ஒரு கிழமை வரை நோகலாம்.

மரப்பு விடுவதற்கு முன்பே முதல் குளிசையைப் போடுங்கள். பெரியவர்கள் பனடோல் 500 மில்லிகிராம் இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை போடலாம். ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் கூடாது. சாராயம் குடிக்கிறவர்கள், ஈரல் நோய் உள்ளவர்கள், உடம்பு மெலிந்தவர்கள் அளவை டாக்டரிடம் கேட்க வேண்டும்.

புறூபன், டைக்குளோபெனக் போன்றவை பல் வலியை நன்றாக அடக்கும், உண்மைதான். ஆனால் 1977 கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டிலிருந்து வந்து வவுனியாப் பக்கம் குடியேறிய நம்மட சனங்கள் ஒன்றைக் கவனிக்க வேணும். 1990களில் வடமத்திய மாகாணத்தில் முதலில் கவனிக்கப்பட்ட சிறுநீரக நோய் வவுனியா மாவட்டத்திலும் இருக்கிறது. ஆரம்பத்தில் அது நோவு காட்டாது. வெயிலில் வேலை செய்து தண்ணீர் குறைந்த உடம்போடு இந்தக் குளிசைகளைப் போட்டால் சிறுநீரகம் இன்னும் கெடும். ஆகவே கடையில் சும்மா வாங்கிப் போடாதீர்கள். குடற்புண், ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணித் தாய்மாரும் டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். டெங்கு சந்தேகம் இருந்தால் தொடவே கூடாது.

அஸ்பிரினை நசுக்கி முரசில் வைக்கிற பழைய வைத்தியம் முரசைச் சுட்டுப் புண்ணாக்கும். புகையிலை வைப்பதும் அப்படித்தான். வெத்திலையைக் கொஞ்ச நாளைக்கு விட்டால் நல்லது, கேட்பீங்களோ தெரியாது. ஐஸைத் துணியில் சுற்றிக் கன்னத்தில் பதினைந்து நிமிடம் வைக்கலாம். மறுபக்கத்தால் மென்று சாப்பிடுங்கள். பக்கத்து வீட்டில் மிஞ்சிய அமொக்சிசிலின் வலிக்கு மருந்தல்ல.

முகம் வீங்கினால், காய்ச்சல் வந்தால், வாய் திறக்கவோ எச்சில் விழுங்கவோ கஷ்டமென்றால் விடியும் வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சு முட்டினால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

இனி, வலி நின்றதும் பலர் மறுபடி போவதில்லை. நாட்கூலி போய்விடும் என்ற கவலை. ஆனால் இப்போது வைத்திருப்பது தற்காலிக அடைப்பு. அது தேய்ந்து கழன்றால் கிருமி திரும்ப உள்ளே போகும். அடுத்த தடவைக்கான திகதியைத் துண்டில் எழுதி வாங்கிக்கொண்டே புறப்படுங்கள்.