தூங்கி எழுந்தாலும் தீராத அசதி

ஒர்க்‌ஷாப்பில் ரெண்டு மணி நேரம் அரம் பிடிச்சா கை விட்டுப்போகும். ராத்திரி நல்லா தூங்கினா காலையில சரியாப் போச்சு. நண்பர்களே, தூங்கி எழுந்தாலும் சரியாகாத அசதி ஒன்று உண்டு. 1991 வளைகுடாப் போருக்குப் போய்வந்த அமெரிக்கச் சிப்பாய்கள் பலர் முப்பது வருஷத்துக்கும் மேலாக அதைச் சுமந்துகொண்டிருக்கிறார்கள்.

போனவர்கள் சுமார் 7 லட்சம் பேர். தரைப்போர் நடந்ததோ வெறும் 100 மணி நேரம். ஊர் திரும்பிய பிறகு ஓயாத களைப்பு, மூட்டுவலி, தலைவலி, ஞாபக மறதி, வயிற்றுக் கோளாறு. ரத்தத்தைச் சோதித்தால் எல்லாம் நார்மல்! "மனசுலதான் கோளாறு" என்று பலரைத் திருப்பி அனுப்பினார்கள். (மோட்டாரே சுத்தலை, மீட்டர் சரியாக் காட்டுதுன்னா என்ன பிரயோஜனம்?) போனவர்களில் நாலில் ஒருவருக்காவது இந்த நோய் உண்டு என்று அமெரிக்க அரசின் ஆலோசனைக் குழு சொன்னது 2008-இல்தான்.

காரணம் என்ன? நரம்பு, அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தின் மூலம் தசைக்கு உத்தரவு போடுகிறது. வேலை முடிந்ததும் அதை உடைத்து 'ஆஃப்' பண்ண ஒரு என்சைம் இருக்கிறது. விஷவாயுவுக்கு முன்காப்பாக விழுங்கிய பைரிடோஸ்டிக்மைன் மாத்திரை, முகாமில் அடித்த சில பூச்சிமருந்துகள், சாரின் வாயு ஆகிய மூன்றும் கைவைப்பது இந்த ஆஃப் சுவிட்சில்தான். 1991 மார்ச்சில் ஈராக்கின் காமிசியா கிடங்கை அமெரிக்கப் படையே வெடிவைத்துத் தகர்த்தது. உள்ளே சாரின் ராக்கெட்டுகள்! தங்கள் ஆட்கள் மேல் அது பட்டிருக்கலாம் என்று பெண்டகன் வாய் திறந்தது 1996-இல்.

ஒரே கூடாரத்தில் படுத்த இருவரில் ஒருத்தருக்கு மட்டும் நோய் வந்ததே, ஏன்? உடம்புக்குள் சாரினை உடைக்கும் வேறொரு என்சைமின் ஜீன், சிலருக்குப் பிறவியிலேயே வலு குறைந்த வகை. அவர்களுக்கு சாரின் பட்டால் ஆபத்து அதிகம் என்று டெக்சாஸ் ஆய்வாளர் ராபர்ட் ஹேலி குழு 2022-இல் காட்டியது.

இப்படிப்பட்ட நோயில் ஒருவர் எவ்வளவு முடங்கியிருக்கிறார் என்பதை ரத்தம் சொல்லாது. அதற்கு 36 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் இருக்கிறது. மாடிப்படி ஏற முடியுதா? மளிகைப் பையைத் தூக்க முடியுதா? தானா குளிச்சு உடுத்த முடியுதா? போன நாலு வாரத்துல உடம்பு முடியாம வேலையைக் குறைச்சுக்கிட்டீங்களா?

பெயர் கண்டுபிடிக்க முடியாத நோய்க்கும் இவர்களுக்கு உதவித்தொகை தரலாம் என்று 1994-இல் சட்டம் வந்தது. ஆனால் மற்ற நோய்களுக்கான மனுக்களோடு ஒப்பிட்டால், இந்த நோய்க்கு ஒப்புதல் கிடைக்கும் விகிதம் மூன்றில் ஒரு பங்குதான் என்று 2017-இல் அந்நாட்டு அரசின் தணிக்கை அலுவலகமே எழுதி வைத்தது.